ஓடும் படங்களா, ஒரே படமா?
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா ஒட்டுக்கன்று விற்கும் நர்சரி ஒன்று இணையதளம் அமைக்கும்போது, முகப்பின் உச்சியில் தாமாக மாறிக்கொண்டிருக்கும் படவரிசையை வைப்பதா, அசையாத ஒரே படத்தை வைப்பதா என்ற கேள்வி எழுகிறது. படவரிசையில் பெங்களூரா, செந்தூரா, மல்கோவா என எல்லா ரகங்களுக்கும் இடம் கிடைப்பதால் உரிமையாளருக்கு அதுவே பிடிக்கிறது; பங்காளிகள் இருந்தால் எந்த ரகம் முன்னே என்ற சச்சரவும் தீர்ந்துவிடும். ஆனால் கன்று வாங்க வரும் விவசாயி ஒரு ரகத்தின் விவரத்தைப் படித்து முடிப்பதற்குள் அது நகர்ந்துவிடுகிறது. தொடுவதற்கு விரலைக் கொண்டுபோனால் அங்கே வேறொரு படம் வந்து நிற்கிறது. தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் நகர்பவற்றை நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும் என்று, மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் தளத்தைப் பயன்படுத்த வழிசொல்லும் இணைய அணுகல்தன்மை நெறிமுறைகள் கூறினாலும், நிறுத்தும் பொத்தானை வைக்கப் பலர் மறந்துவிடுகின்றனர். பெரிய படங்கள் பல ஒருங்கே இறங்கும்போது, முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்ற கூகுளின் அளவுகோலை, அஞ்செட்டி மலைப்பகுதியில் சிக்னல் மெலிந்த கைப்பேசியில் எட்டுவது கடினம்.

ஒரே படம் என்றால் அதன் கீழேயே கன்றின் விலையும் தொலைபேசி எண்ணும் நிலையாக நிற்கும். படத்தின் அகல உயரத்தைப் பக்கத்தின் நிரலில் முன்கூட்டியே குறித்துவிட்டால், படம் இறங்கும்போது எழுத்துகள் இடம்மாறிக் குதிப்பதுமில்லை. பருவத்துக்கேற்ப அதை மாற்றும் வேலை மட்டும் மிச்சம். முகப்புக்கு நான் இதையே தேர்வேன். படவரிசையை ரகத்தின் தனிப்பக்கத்தில், பார்ப்பவர் தாமே தள்ளிப் பார்க்கும்படி வைக்கலாம்.