பிரிக்பீல்ட்ஸ் திருமுறை வகுப்பு: பாடம் அருமை, மைக்தான் தொல்லை

தேவாரம் பாடிய நாயன்மார் சுந்தரர், இறைவனை ஏசிப் பாடியதை மட்டும் எடுத்து அலசும் வகுப்பு கோலாலம்பூரில் அபூர்வம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்து மாடியில் ஞாயிறு காலை நடக்கிறது. கட்டணமில்லை, பாடல் தாளுக்கு 3 வெள்ளி. கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். காரை எடுத்தால் பார்க்கிங் தேடியே பாதிப் பாடம் போய்விடும்.

ஆசிரியர் ஒவ்வொரு பாட்டிடமும் மூன்று கேள்வி கேட்கிறார்: ஏசுவது யார், ஒருமையிலா பன்மையிலா, ஏச்சு வாங்கியவர் திருப்பிக் கேட்க முடியுமா? 'பித்தா பிறைசூடீ' ஒருமை. கல்யாணப் பந்தலில் கிழவராக வந்து, நீ என் அடிமை என்று வழக்காடிய சிவனைச் சுந்தரர் பித்தன் என்றார். திருவெண்ணெய்நல்லூரில் அந்த வழக்கு தீர்ந்தபின், அதே சொல்லை வைத்துப் பாடு என்றவரும் அந்தக் கிழவர்தான். ஏச்சு வாங்கியவரே கொடுத்த அனுமதி அது. அதனால்தான் வசை துதியாக நிற்கிறது, வன்தொண்டர், அதாவது முரட்டுத் தொண்டர், என்பதும் சுந்தரருக்குப் பட்டமாகிறது.

'மீளா அடிமை' பதிகம் இன்னும் காரம். பார்வை இழந்து திருவாரூர் வந்து பாடியது. 'வாழ்ந்து போதீரே' என்பதில் மரியாதைப் பன்மை இருக்கிறது, வாழ்த்தும் இருக்கிறது. நீங்களாவது நன்றாக இருங்கள் என்ற குத்தல் அதற்குள்ளேயே இருக்கிறது. மொழியியலாளர் ஜொனாதன் கல்பெப்பர் 1996இல் வகுத்த போலிப் பணிவு, மேலே பணிவு உள்ளே ஏச்சு, இதுவேதான். குறை என்னவென்றால், இங்கே இரண்டு பதிகத்தையும் ஒரே மெட்டில் பாட வைக்கிறார்கள். முன்னதன் பண் இந்தளம், பின்னதன் பண் செந்துருத்தி. தேவாரத்தில் அந்தப் பண்ணில் இந்த ஒரு பதிகம்தான். மெட்டு மாறினால் குத்தல் வெறும் ஆசீர்வாதமாகிவிடும். பேச்சில் காட்டும் பணிவு பற்றி மொழி ஆய்வாளர்கள் பிரவுன், லெவின்சன் சொன்ன கோட்பாட்டை இங்கே 'வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்று ஒதுக்குவதும் சரியில்லை. அவர்களுடைய 1987 நூல் ஆதாரமாகக் கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று.

இனி மைக். கைப்பேசி ஒலித்தால் ஏற்பாட்டாளர் மேடையிலிருந்தே, "அங்கிள், இது கோயிலா பசாரா? வீட்டுல சொல்லித் தரலையா?" என்கிறார். கேட்டால் 'உரிமையோடு சொல்றோம்' என்று பதில். ஆசிரியரின் மூன்று கேள்வியை இதற்கும் போட்டுப் பாருங்கள். மைக் ஒருவர் கையில், எதிரே கூட்டம். அங்கிள் வாயே திறக்க முடியாது, அனுமதியும் அவர் கொடுக்கவில்லை. 'அங்கிள்' என்று கூப்பிட்டதாலேயே ஏச்சு தணிந்துவிடாது. கைப்பேசி செய்த குற்றத்துக்கு வளர்ப்பை இழுத்தால் அடி ஆள்மேல்தான் விழும். தொடங்கும் முன் எல்லாருக்கும் பொதுவாக ஒருமுறை அறிவித்துவிட்டு, பிறகும் ஒலித்தால் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னால் வேலை முடிந்தது. பக்தி இறைவனோடு எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பின்வரிசைக்காரர் மேல் காட்டக் கூடாது.

தாளில் பதவுரை கிடையாது, அதனால் சுந்தரர் பாடல்கள் அடங்கிய ஏழாம் திருமுறையின் உரையோடு போங்கள். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, சன்னல் ஓரத்து நாற்காலி உத்தமம். கைப்பேசியைப் படி ஏறும்போதே அணைத்துவிடுங்கள்.