தாண்டிக்குடி மலையில் ஐந்து நாள்: மாணவிகளுக்கான சாகச முகாம் எப்படி இருந்தது?

போன டிசம்பரில் எங்கள் மகளிர் கல்லூரியிலிருந்து பி.காம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் 14 பேரைத் திண்டுக்கல் மாவட்டத்துத் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சாகசப் பயிற்சி முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். துணைக்கு நானும் இன்னொரு ஆசிரியையும். ஐந்து பகல், நான்கு இரவு, ஆளுக்கு 8,500 ரூபாய், அதில் பாதியைக் கல்லூரி கொடுத்தது. நோட்டீஸில் "இளம்பெண்களுக்குத் தலைமைத் தன்னம்பிக்கை" என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. செமினார் ஹாலில் உட்கார வைத்து நடத்துகிற ஆளுமை வளர்ச்சி வகுப்புகளைப் பத்து வருடமாகப் பார்க்கிறேன், கை தட்டிவிட்டு வெளியே வருகிற பிள்ளைகள் மறுநாள் பழையபடி கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துதான் உட்காருவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது அப்படி இல்லை. குறைகள் உண்டு, சில குறைகள் பெரியவை, ஆனால் திரும்பவும் அனுப்புவேன்.

நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. குறைகளை எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்திருக்கிறோம், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுப்பதுதான் முறை.

பெற்றோரைச் சம்மதிக்க வைத்ததுதான் முகாமை விடப் பெரிய மலை. கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "டீச்சரம்மா, குரங்கணி மாதிரி ஆயிடாதே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், மகளிர் தினத்தை ஒட்டி மலையேறப் போனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். நம் பக்கத்துத் தகப்பன்மார் மனதில் அது இன்னும் ஆறவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை ஒழுங்குபடுத்தி, ஆன்லைனில் பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டியோடு போகிற மாதிரி 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியதும் அந்த வழியில் வந்ததுதான். நாங்கள் போனது தனியார் காபித் தோட்டத்துக்குள் இருக்கிற முகாம். காட்டுக்குள் போகிற ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகல், காப்பீடு, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் எவ்வளவு நேரம், அவசரத்துக்கு எந்த வழியாக இறங்குவது, எல்லாவற்றையும் கேட்டவுடன் கொடுத்தார்கள். அந்த அப்பா ஒவ்வொரு தாளையும் கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். கோடையில், காட்டுத்தீ காலத்தில், "பரவாயில்லை, கூட்டிக்கிட்டுப் போறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, முகாமுக்கு வருவோம். வத்தலகுண்டிலிருந்து வேனில் ஏறினோம். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் டென்ட் போடுகிற இடம், கீழே ஓடை, சாயங்காலம் நாலு மணிக்கே பனி இறங்கிவிடும். பயிற்சியாளர்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பெண்கள். உள்ளூர் வழிகாட்டி அண்ணன் ஒருவர், சமையலுக்கு ஒரு அக்கா. டென்ட்டை நாமேதான் அடிக்க வேண்டும், அடுப்பையும் நாமேதான் பற்றவைக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் படித்த காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து போன என்.எஸ்.எஸ். முகாமில் பையன்கள் கயிறு கட்டுவார்கள், கம்பு நடுவார்கள், மேப் பார்ப்பார்கள், நாங்கள் வெங்காயம் உரிப்போம். யாரும் அப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை, தானாக அப்படி ஆகிவிடும். இங்கே அந்த 'தானாக' நடக்க வழியே இல்லை, முகாமுக்கு வந்தவர்கள் எல்லாம் பெண்கள்தான், கம்பு நட வேறு ஆள் கிடையாது. பெண்களுக்கு மட்டும் தனி முகாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

இரண்டாம் நாள் பாறை ஏறுதல். பாறை முப்பதடி உயரம் இருக்கலாம். எல்லோரும் ஏறுகிறவளைத்தான் போட்டோ எடுத்தார்கள், நான் கீழே கயிறு பிடித்து நின்றவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு பிலே என்று பெயர். ஏறுகிறவள் இடுப்பில் மாட்டிய ஹார்னஸ் பட்டையிலிருந்து போகிற கயிறு மேலே நங்கூரத்தில் (பாறையில் கட்டிய பிடிமானம்) திரும்பிக் கீழே வந்து, பிடிக்கிறவள் இடுப்பில் உள்ள சின்ன உலோகக் கருவிக்குள் நுழைந்து வெளியே வரும். அந்த வெளிப்பக்கக் கயிற்றைப் பிடித்த கை எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது. கை கயிற்றில் இருக்கிற வரை மேலே இருப்பவள் விழமாட்டாள். பின்னால் இன்னொருத்தி காப்புக்கு நிற்பாள், பயிற்சியாளரும் பக்கத்தில் இருப்பார். எங்கள் குழுவிலேயே ஒல்லியான பெண்ணுக்கு அன்றைக்குப் பிலே முறை வந்தது. வீட்டில் கேஸ் சிலிண்டரைக்கூட நகர்த்த விடமாட்டார்களாம். மேலே ஏறினவள் பாதியில் கால் நழுவித் தொங்கிவிட்டாள், அழுகை வேறு. கீழே நின்றவள் முகம் வெளுத்துப்போயிற்று, ஆனால் கயிற்றைப் பிடித்த கை அசையவில்லை. "விடமாட்டேன்டி. மூச்சு வாங்கிக்கோ, அப்புறம் ஏறு" என்றாள். மேலே போனவள் உச்சியைத் தொட்டாள். அன்று இரவு கயிறு பிடித்தவள் தன் உள்ளங்கையை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிவந்து கோடு விழுந்திருந்தது.

ஆனால் இந்த முகாமுக்கு நான் கொடுக்கிற மதிப்பெண் முழுக்க மூன்றாம் நாளுக்குத்தான். தினமும் ஒருத்தி 'இன்றைய தலைவி'. அன்றைக்கு முறை நிலக்கோட்டைப் பெண்ணுக்கு. அவர்கள் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள், விடியற்காலையில் பூ எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். வருகைப் பதிவுக்கு "எஸ் மேம்" என்று சொல்வதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதே இல்லை. காலையில் பயிற்சியாளர் அவளிடம் மேப், திசைகாட்டி, விசில் மூன்றையும் கொடுத்து, "ஒரு மணிக்குள்ள கற்திட்டை (பழங்காலக் கல் ஈமச்சின்னம்) இருக்கிற மேட்டுக்குப் போயிடணும். எந்த வழி, எங்க நிக்கணும், யார் முன்னாடி, யார் கடைசி, எல்லாம் உன் முடிவு. நாங்க பின்னாடி வருவோம், ஆபத்துன்னா மட்டும்தான் வாயைத் திறப்போம்" என்றார்.

காபித் தோட்டம் முடிகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அகலமான ஜீப் பாதை, வலது பக்கம் ஒற்றையடி. அவள் விரல் மேப்பில் வலது பக்கமாகத்தான் போனது, நான் பார்த்தேன். அதற்குள் எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிற இரண்டு பேர், "இதுதான்டி ரோடு, வா வா" என்று இடது பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் மேப்பை மடித்துக்கொண்டு பின்னால் போனாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பயிற்சியாளர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நாற்பது நிமிடம் தப்பான வழியில் நடந்தோம். (அந்தப் பாதை தோட்டத்துப் பங்களாவுக்குத்தான் போகும், ஆபத்து இல்லை என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள்.) ஓரிடத்தில் அவள் நின்றாள். ஓடைச் சத்தம் இடது பக்கம் கேட்டது, மேப்படி அது வலது பக்கம் இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து மேப்பை விரித்து, திசைகாட்டியை வைத்து வடக்குக்குத் திருப்பி, சம உயரக் கோடுகள் மேல் விரலை ஓட்டி, இரண்டு மூன்று நிமிடம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் எழுந்து சொன்னாள்: "தப்பான வழி. எனக்கு அப்பவே வலதுன்னுதான் தோணுச்சு, சொல்லாம விட்டுட்டேன். திரும்பிப் போவோம்."

யாரோ முனகினார்கள், "அவ்வளவு தூரமுமா?" என்று. அவள் குரலை உயர்த்தவில்லை. "தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புவோம். கால் வலிக்கிறவங்க முன்னாடி வாங்க, அவங்க நடைக்கு நாம நடப்போம்." மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும் என்பது மலை நடையின் பாலபாடம், முதல் நாள் ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தது. இரண்டேகால் மணிக்குக் கற்திட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தோம், கொண்டு போன எலுமிச்சைச் சோறு ஆறிக் கட்டியாகிவிட்டது, யாரும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

நான் அந்தப் பிரிவில் வாயைத் திறந்திருந்தால் ஒரு மணிக்கே போயிருப்போம், அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. "தோணுச்சு, சொல்லாம விட்டுட்டேன்" என்பதை ஒரு பெண் பத்தொன்பது வயதில் தானே கண்டுபிடித்துச் சொல்வதற்கு எந்த வகுப்பில் இடம் இருக்கிறது? நம் பிள்ளைகளுக்கு விவரம் குறைவில்லை. வீட்டிலும் கல்லூரியிலும் நாம் பயந்துகொண்டு முந்திப் பதில் சொல்லிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இந்தப் பயிற்சி முறை இந்த நிறுவனம் கண்டுபிடித்தது இல்லை. 1941-ல் பிரிட்டனின் வேல்ஸில் அபெர்டோவி என்ற கடலோர ஊரில் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற சாகசப் பயிற்சிப் பள்ளி தொடங்கியதே இளம் மாலுமிகளுக்காக. கப்பல் மூழ்கும்போது உயிர்காப்புப் படகில் வயதானவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள், வலுவான இளைஞர்கள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள் என்ற கவலையில் ஆரம்பித்தது என்பார்கள். பெண்களுக்கான பயிற்சி அந்த அமைப்பில் வர இன்னும் பத்து வருடம் ஆயிற்று. நம் நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் பச்சேந்திரி பாலைச் சொல்லாமல் இருக்க முடியாது. எம்.ஏ., பி.எட். முடித்த மலைக்கிராமத்துப் பெண், 1984 மே 23-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண். எனக்கு அவரிடம் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்தவை. 1993-ல் இந்திய-நேபாளப் பெண்கள் குழுவை எவரெஸ்டுக்கு நடத்திப் போய் 18 பேரை உச்சியில் ஏற்றினார், அதில் 7 பேர் பெண்கள். 1997-ல் எட்டுப் பெண்கள் கொண்ட குழுவோடு அருணாசலப் பிரதேசத்திலிருந்து சியாச்சின் வரை இமயமலையை நெடுக நடந்தே கடந்தார். தான் ஏறியதோடு நிற்காமல் மற்றவர்களை ஏற்றிவிட்டார் அல்லவா, அந்தக் கதையை ஒரு இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள், பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

இப்போது குறைகள். முதல் குறை மொழி. முதல் நாள் இரவுக் கலந்துரையாடலை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். "இன்று உங்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள்" என்கிற மாதிரிக் கேள்விகள். வட்டமாக உட்கார்ந்து 14 பேரும் தரையைப் பார்த்தார்கள், இரண்டு பேர் மட்டும் மனப்பாடம் மாதிரி ஏதோ சொன்னார்கள். அது முடிந்து பாத்திரம் கழுவும்போது சமையல் அக்கா, "என்னம்மா, இன்னிக்கு பயந்தியா?" என்று கேட்டதும் அதே பிள்ளைகள் அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தார்கள். நான் போய்ச் சொன்னேன், மறுநாளிலிருந்து தமிழுக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் இரவு, இடது பக்கம் இழுத்துக்கொண்டு போன இரண்டு பேரில் ஒருத்தி, "எனக்கு வழி தெரியாது, ஆனா தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்" என்று தானாகச் சொன்னாள். ஆங்கிலத்தில் அது வந்திருக்காது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளிடம் இந்த முகாமை விற்கிறவர்கள் இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பைகள். வாடகைக்குக் கொடுத்த முதுகுப்பைகள் எல்லாம் உயரமான ஆண்களுக்கு ஏற்ற அளவு. இடுப்புப் பட்டை இறுகினால்தான் பாரம் இடுப்புக்கு இறங்கும், இல்லையென்றால் தோள்தான் தாங்கணும். ஐந்து பேருக்குப் பட்டையைக் கடைசி வரை இழுத்தும் தொளதொளவென்று நின்றது. பெண்களுக்கு என்று முகாம் நடத்திக்கொண்டு இப்படிச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாவது, 16 பேருக்கு ஒரே கழிப்பிடக் கூடாரம். மாதவிடாய் வந்தால் என்ன செய்வது, நாப்கினை எப்படிக் கட்டி எடுத்து வருவது என்பதைப் பெண் பயிற்சியாளர் கூச்சமில்லாமல், அழகாக, முதல் மணி நேரத்திலேயே விளக்கினார், அது உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் காலையில் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு விளக்கம் மட்டும் போதாது. அப்புறம் காய்ச்சலால் கடைசி நேரத்தில் வர முடியாமல் போன ஒரு மாணவியின் பணத்தைத் திருப்பித் தர இரண்டு மாதம் இழுத்தார்கள். முகாம் முடிந்த பிறகு தொடர்ச்சியாக ஒன்றும் இல்லை, சான்றிதழோடு சரி.

அந்தத் தொடர்ச்சியை நாங்களே செய்கிறோம். துறை மன்றக் கூட்டங்களில் இப்போது நிரந்தரச் செயலாளர் கிடையாது, 'இன்றைய தலைவி' முறைதான். ஆசிரியர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்போம், கேட்டால் ஒழிய பேசமாட்டோம். எல்லோருக்கும் பலித்தது என்று சொல்லமாட்டேன், மூன்று நான்கு பேர் ஊருக்குத் திரும்பியதும் பழைய மௌனத்துக்கே போய்விட்டார்கள், ஐந்து நாள் அதற்குப் போதவில்லை. ஆனால் பிப்ரவரியில் ஒரு நாள் நான் போர்டில் இருப்பாய்வு (பற்றும் வரவும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கணக்குப் பட்டியல்) போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "மேம், தேய்மானம் பற்றுல வரணும்." திரும்பிப் பார்த்தேன். நிலக்கோட்டைப் பெண். எழுந்து நின்றிருந்தாள். அவள் சொன்னது சரி, அழித்து மாற்றிப் போட்டேன்.

அடுத்த டிசம்பருக்கு இதுவரை 19 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதே நிறுவனத்திடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழில் நடத்துவது, இரண்டு கழிப்பிடம், சின்ன அளவுப் பைகள், மூன்றையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். முதல் இரண்டுக்குச் சரி என்றுவிட்டார்கள். பைக்குப் பதில் வந்ததும் முன்பணம் கட்டுவோம்.