பால்சாவா, ஃபோம் போர்டா? கீழே விழுந்த பிறகு சொல்லுங்கள்

ஒரே அளவில் இரண்டு ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமானங்களை நானே வரைந்து, வெட்டி, கட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் இறக்கை 120 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், உடம்புக்கு மேலே உட்காரும். ஒன்று பால்சா என்கிற இலேசான மரம், மற்றது 5 மி.மீ. ஃபோம் போர்டு, அதாவது காகிதம் ஒட்டிய நுரை அட்டை. நான் ஃபோம் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மின்சாமான் இரண்டுக்கும் ஒன்றே: 2212 மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, மூன்று செல் 2200 எம்ஏஹெச் லிப்போ பேட்டரி, திருப்பும் தகடுகளை அசைக்க 9 கிராம் சர்வோக்கள். விலையில் ஃபோம் சல்லிசு. பறக்கும் அழகில் பால்சாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. இலேசு, ஆனால் விறைப்பு. மோட்டாரை அணைத்தாலும் பருந்து மாதிரி மிதந்து வரும்.

சரி, விழுந்தால்?

எங்கள் காடு (விவசாய நிலம்தான்) பல்லடத்துக்குத் தெற்கே. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வருகிற காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதில் 700 கிராம் விமானம் எம்மாத்திரம்? இறக்கும்போதுதான் வினை. தென்னை வரிசையைத் தாண்டி வருகிற காற்று கீழே சுழலும். ஒரு பக்க இறக்கை சாயும், நேராகக் கிளுவை வேலிக்குள் போய்ச் சொருகும். (அதற்காக இடம் தேடிச் சூலூர் விமானப்படைத் தளம், கோவை விமான நிலையம் பக்கமெல்லாம் போய்விடாதீர்கள்.)

ஃபோம் விமானத்தின் மூக்கு இப்படி நசுங்கியபோது, கிணற்று மோட்டார் ரூமில் க்ளூ கன்னைச் சொருகினேன். கிழிந்த இடத்தில் இரண்டு மூங்கில் குச்சிகளை வைத்து ஒட்டி, மேலே டேப் சுற்றினேன். இருபது நிமிடம். பக்கத்துக் காட்டுப் பெரியவர், "ஏந்தம்பி, அதுக்குள்ளயே ஒட்டிப்போட்டீங்களா?" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு முறை பறந்தது.

பால்சா அதே வேலியில் விழுந்தபோது இறக்கைக்கு வடிவம் தரும் விலாக்களில் மூன்றும், அவற்றைத் தாங்கும் நடுச்சட்டமும் போயின. மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமை உரிக்க வேண்டும். புது விலா வெட்ட வேண்டும். ஃபெவிகால் வைத்து, சமமான பலகையில் ஊசி குத்தி, ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். அப்புறம் இஸ்திரிப் பெட்டியால் புது ஃபிலிமை இழுத்து ஒட்ட வேண்டும். அதில் ஒரு பக்கம் கூடக் குறைய இழுத்தால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும், விமானம் ஒரே பக்கமாகச் சாயும். எனக்கு முறுக்கியது. மரமோ ஈக்வடாரில் விளைவது. கூரியரில் வந்த தகட்டில் ஒன்று வழியிலேயே விரிந்திருந்தது. மூன்று வாரம் ஓடிவிட்டது.

இத்தனைக்கும் நான் கட்டியது ஒரே ஒரு பால்சா. கைதேர்ந்தவருக்குப் பாதி நேரம்கூட ஆகாமல் இருக்கலாம்.

ஃபோமிலும் குறை உண்டு. மார்கழிப் பனியில் புல்லில் வைத்தால் மேல்காகிதம் ஈரம் குடித்து உரியும். காகிதம் உரிந்த இடத்தில் உடனே ஒட்டுகிற பசையை விட்டால் நுரையைத் தின்றுவிடும். ஒவ்வொரு ஒட்டும் எடையைக் கூட்டும்: எட்டு ஒட்டுக்குப் பிறகு என்னுடையது 760 கிராம். கூடியதெல்லாம் மூக்கில். பேட்டரியைப் பின்னால் தள்ளித் தள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் எடைமையத்தைக் கொண்டுவருகிறேன். இனிமேல் தள்ள இடமில்லை. அடுத்த முறை விழுந்தால் புது உடம்புதான். அதை வெட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பால்சா இப்போது அட்டாலியில் இருக்கிறது. காற்று அடங்கி, வேலியில்லாத தரிசு ஏதாவது கிடைத்தால் இறக்குவேன்.