பேக் செக்கில் மாட்டிய எனக்கு ஜான் ஸாலர் சொன்ன பதில்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று எட்டாம் அத்தியாயத்துக்காகவும் இன்னொரு குறைக்காகவும். அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கியது ஜான் ஸாலர் எழுதிய 'தி நேச்சர் அண்ட் ஆரிஜின்ஸ் ஆஃப் மாஸ் ஒப்பீனியன்'. அரசியல் விஷயங்களில் மக்கள் கருத்து எப்படி உருவாகிறது, எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடு, முதலில் வந்தது 1992இல். எனக்குக் கிடைத்தது பழைய பேப்பர்பேக். அட்டை மூலை மடங்கியிருந்தது, தாள் நன்றாகவே இருக்கிறது, எழுத்து மட்டும் பொடி. முன்பு வைத்திருந்தவர் மூன்றாம் அத்தியாயம் வரை மஞ்சள் கோடு போட்டிருக்கிறார், அதோடு நிறுத்திவிட்டார். விலை, நான் ஒரு முழுநாள் வெயிலில் அலைந்து ஃபார்ம் முடித்தால் கிடைத்த கூலியைவிட அதிகம்.

ஃபார்ம் என்றேனே, கேள்வித்தாள், அதைச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு, பவானி, பள்ளிபாளையம் பக்கம் ஏழு வருடம் கருத்துக்கணிப்பு எடுக்கும் வேலை பார்த்தேன். வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டில் யாரிடம் கேட்பது என்று ஃபார்மிலுள்ள கட்டத்தைப் பார்த்து, பதில்கள் அச்சடித்த ஷோ கார்டை நீட்டி, பதிலுக்கு வட்டம் போட வேண்டும். சம்பளம் ஃபார்ம் கணக்கில். பத்து நாள் கழித்து ஆபீசிலிருந்து அதே வீட்டுக்குப் போன் போட்டு நான்கைந்து கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். அதற்குப் பெயர் பேக் செக். பதில் ஒத்துப்போகாவிட்டால் ஃபார்ம் ரத்து.

2011 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் பள்ளிபாளையத்தில் விசைத்தறி வைத்திருந்த ஒரு வீடு. மின்வெட்டை அரசு எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சத்தத்துக்கு மேலே கத்தி, "பரவாயில்ல கண்ணு, ஏதோ பண்றாங்க" என்றார். பேக் செக்கில் அதே அம்மா "ரொம்ப மோசம்" என்றாராம். அந்த வாரம் என் ஃபார்மில் பதினான்கு இப்படி மாட்டியது. "மரத்தடியில உக்காந்து நீயே நிரப்பினியா?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார். பதினான்குக்கும் காசு இல்லை. நான் ஒரு வட்டம்கூடப் பொய்யாகப் போட்டதில்லை. ஆனாலும் அந்த அம்மா எதற்கு மாற்றிச் சொன்னார் என்று எனக்கும் விளங்கவில்லை. ஒருவேளை நான்தான் காதில் சரியாக வாங்கவில்லையோ என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸாலர் எழுதியிருப்பது முழுக்க அமெரிக்காவைப் பற்றி. அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். அவர் கையில் வைத்திருக்கும் சரக்கு, அங்கே தேர்தலையொட்டி வாக்காளர்களிடம் கேள்வி கேட்டு நடத்தப்படும் தேசியத் தேர்தல் ஆய்வு. அதில் ஓரிடத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1980இல் ஒரே ஆட்களிடம் சில மாத இடைவெளியில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ரஷ்யாவோடு இணங்கிப் போகலாமா, கண்டிப்பாக இருக்க வேண்டுமா என்பது கேள்வி. அதே பதிலை மறுபடி சொன்னவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். அங்கே யாரும் யார் சம்பளத்தையும் பிடிக்கவில்லை. ஆள் மாறவில்லை, கேள்வி மாறவில்லை, பதில் ஏன் மாறுகிறது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

ஸாலருக்கு முன்பே 1964இல் ஃபிலிப் கான்வெர்ஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் இதைப் பார்த்துவிட்டார். நிறையப் பேருக்கு இந்த விஷயங்களில் கருத்தே கிடையாது, கேட்டதற்காக நாணயம் சுண்டுவதுபோல ஏதோ சொல்கிறார்கள் என்பது அவர் முடிவு. எனக்கு அது பிடிக்கவில்லை. தறிக்காரம்மாவுக்கு மின்வெட்டைப் பற்றிக் கருத்து இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸாலரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி ஆளுக்குள்ளே ஏழெட்டு எண்ணம் கிடக்கிறது, ஒன்றுக்கொன்று முரணாகவும் கிடக்கிறது என்கிறார். கேட்கிற நிமிடத்தில் எது மேலே மிதக்கிறதோ அதை வைத்துப் பதில் வருகிறது. நான் போன அன்று கரண்ட் இருந்தது. ஆபீஸ் போன் போனபோது தறி நின்றிருக்கும்.

இதை அவர் சும்மா ஊகமாக எழுதவில்லை. நான்காம் அத்தியாயத்தில் அதற்கு ஆதாரம் காட்டுகிறார். 1987இல் ஒரு முன்னோட்ட ஆய்வில், பதில் சொல்பவர்களிடம் "இதைச் சொல்லும்போது மனதில் என்னென்ன வந்தது?" என்றும் கேட்டுக் குறித்திருக்கிறார்கள். பலர் தாங்கள் சொன்ன பதிலுக்கு எதிரான காரணங்களையும் அவர்களாகவே அடுக்கியிருக்கிறார்கள். நாங்களும் இதைத் தினமும் கேட்டிருக்கிறோம். "ஆனா ஒண்ணுங்க..." என்று ஆரம்பிப்பார்கள். அதை எழுத ஃபார்மில் கட்டம் கிடையாது.

ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பே, போகிறபோக்கில் பதிலை உண்டாக்கிக்கொள்வது என்ற பொருளில் இருக்கும். கேள்வி வரிசை மாறினால் பதில் எப்படி மாறுகிறது என்பதுதான் பேச்சு. 1948இல் நடந்த ஒரு பழைய சோதனையைத் தெரிந்துகொண்டு இதைப் படித்தால் சுலபம். கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விடலாமா என்று முதலிலேயே கேட்டபோது 36 சதவீதம் பேர் விடலாம் என்றார்கள். அமெரிக்க நிருபர்களை ரஷ்யா விட வேண்டுமா என்று கேட்டுவிட்டு இதைக் கேட்டபோது 73 சதவீதம். நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா என்ற எண்ணம் மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான். "கேள்வி வரிசையை மாத்தாதே" என்று எங்களைத் திட்டித் திட்டிச் சொன்னவர்கள் காரணத்தை ஒருநாளும் சொன்னதில்லை.

அப்புறம் ஆறாம் அத்தியாயம், வியட்நாம் போர். 1964இல் அரசியல் விவரம் அதிகம் தெரிந்தவர்களிடம்தான் போருக்கு ஆதரவும் அதிகம், தாராளவாதிகள், பழமைவாதிகள் இருதரப்பிலும். மேலே இருந்த தலைவர்கள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசிய காலம் அது. 1970இல் தலைவர்கள் பிரிந்துவிட்டார்கள். அதே விவரம் தெரிந்தவர்களில் தாராளவாதிகள் போருக்கு எதிராகவும் பழமைவாதிகள் ஆதரவாகவும் கத்தரிக்கோல் மாதிரி விலகிவிட்டார்கள். நிறையப் பேப்பர் படிப்பவர் சொந்தமாக யோசிப்பார் என்று நாம் நினைக்கிறோம். தன் பக்கத்துத் தலைவர் சொல்வதை அவர்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார். செய்தியே காதில் விழாதவர் அசைவதில்லை. ரொம்பத் தெரிந்தவர் எதிர்ப்பக்கச் சேதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். சேதி காதில் விழுந்தும் தடுக்கத் தெரியாத நடுவாந்திர ஆள்தான் பல நேரம் அதிகம் மாறுகிறார். டீக்கடையில் தினசரியைக் கரைத்துக் குடித்துவிட்டு என் ஃபார்மையே பிடுங்கி நிரப்பப் பார்த்த பெரியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் நினைவுக்கு வந்தார்கள்.

சரி, குறை. எட்டாம் அத்தியாயம் சமன்பாடுகள். ஏழிலேயே மூச்சுவாங்கும். வளைகோட்டுப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு புரட்டினேன், பெரிதாக எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய குறை, இந்தப் புத்தகத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கிட்டத்தட்ட இல்லை. சேதி மேலே இருக்கும் தலைவர்களிடமிருந்தும் பத்திரிகை, தொலைக்காட்சியிலிருந்தும் இறங்கி ஆளிடம் வருகிறது. நான் போன வீடுகளில் மருமகளிடம் கேட்டால் உள்ளேயிருந்து மாமியார் பதில் சொல்வார். கணவர் வந்து நின்றால் அதுவரை பேசிய பெண் "தெரியாதுங்க" என்பார். அந்தத் தெரியாதுக்கு இதில் இடம் இல்லை.

மனிதர் தன் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1998 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கிளிண்டனுக்கும் மோனிகா லெவின்ஸ்கி என்ற பெண்ணுக்கும் இருந்த உறவு பற்றிய விவகாரம் வெடித்தபோது செய்தி முழுக்க கிளிண்டனுக்கு எதிராக இருந்தது. கருத்துக்கணிப்பில் அவருக்கு இருந்த ஆதரவோ சில நாட்களிலேயே பத்துப் புள்ளி அளவுக்கு ஏறியது. ஸாலர் அதே ஆண்டு ஒரு கட்டுரை எழுதி, ஊடகச் சத்தத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது, அமைதி, பொருளாதாரம், மிதமான கொள்கை என்று மக்கள் பார்க்கும் அடிப்படை விஷயங்கள் இருக்கின்றன என்றார். 2012இல் இந்தப் புத்தகம் விட்டுவிட்டது என்ன என்று தானே ஒரு கட்டுரையும் எழுதினார்.

யார் வாங்கலாம்? தேர்தல் நேரத்தில் சதவீதக் கணக்கைப் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் இரண்டு முதல் ஆறு வரை படித்தால் போதும். ஃபீல்டில் இருக்கிற தங்கைகள் நான்கை மட்டுமாவது யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பிரதி வாங்கினால் முதுகு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் அந்த நான்காம் அத்தியாயம்தான் முதலில் கழன்று கையோடு வந்தது.