உப்பா, குளோரின் தூளா, கடல் தண்ணியா? திருகோணமலை நீச்சல் தடாகங்களுக்கு எது தோது

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரைப் பக்கம் போனால், பத்து அறை கூட இல்லாத விடுதியிலும் இப்போது ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. கட்டி முடித்த கையோடு உரிமையாளருக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க உப்பு இயந்திரம் பூட்டுவதா, வழமைபோலக் குளோரின் போடுவதா? வீதிக்கு அந்தப் பக்கம் கடல் கிடக்கும்போது உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு.

முதலில் ஒரு பிழையான நம்பிக்கையைத் தள்ளி வைப்போம். உப்புப் போட்டால் குளோரின் வேண்டாம், ஃபில்டரும் தானாகச் சுத்தமாகும் என்று பலர் சொல்கிறார்கள். உப்பு ஃபில்டர் மணலைக் கழுவுவதில்லை. கடின நீரை மென்மையாக்கும் கருவிகளில், உள்ளே இருக்கும் பிசின் மணிகளைப் புதுப்பிக்க உப்புக் கரைசல் ஊற்றுவார்கள். அந்த வழக்கம்தான் இங்கே வந்து குழம்பியிருக்க வேண்டும். தடாகத்து மணல் ஃபில்டருக்கு ஒரே வைத்தியம், அழுத்தமானி வழமையைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியதும் தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டுக் கழுவுவது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசியும் புழுதியும் வந்து விழும்போது இதை அடிக்கடி செய்ய வேண்டிவரும். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது.

உப்புத் தடாகமும் குளோரின் தடாகம்தான். லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர், டைட்டேனியம் தகடுகளுக்கு இடையே ஓடும்போது மின்சாரம் அந்த உப்பிலிருந்து குளோரினைப் பிரிக்கிறது. அது கிருமியைக் கொன்று, வேலை முடிந்ததும் மறுபடி உப்பாகிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருப்பதால், இது அதில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணீரில் இருக்கும் உப்பைவிடவும் குறைவு என்பதால் கண் எரியாது. சாதாரணக் குளோரின் தடாகத்தில் கண் எரிவதும் மூக்கில் நெடி ஏறுவதும் பெரும்பாலும் குளோரின் கூடியதால் அல்ல. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு சேர்ந்து குளோரமைன் உருவாகும்போதுதான் அந்த நெடி வரும். உப்பு இயந்திரம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரின் விடுவதால் அந்தத் தொல்லை குறைகிறது. பாசி பிடிக்காமல் இருப்பதால் ஃபில்டரும் அடைபடுவது குறைவு. உப்புக்கும் ஃபில்டருக்கும் இருக்கும் உண்மையான தொடர்பு இவ்வளவுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 75,000 லிட்டர். தொடக்கத்தில் 260 கிலோ உப்பு வேண்டும், அதாவது 50 கிலோ மூடை ஐந்துக்குச் சற்று மேல். இந்த வெயிலில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 150 கிராம் தேவை. மணிக்கு 20 கிராம் தரும் இயந்திரம் ஏழரை மணி நேரம் ஓடினால் போதும். அதே அளவுக்கு 65 சதவீத கல்சியம் ஹைப்போகுளோரைட் தூள் என்றால் தினம் ஏறக்குறைய 230 கிராம், 10 சதவீதத் திரவக் குளோரின் என்றால் ஒன்றரை லிட்டர்.

தூளும் திரவமும் வில்லைகளும் மலிவாகத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. தூள் தண்ணீரில் கல்சியத்தைக் கூட்டிக்கொண்டே போகும். திரவம் வெக்கையான கொட்டிலில் வைத்தால் கிழமைக்குக் கிழமை வலிமை இறங்கும். பழைய கலனை நம்பி அளந்து ஊற்றினால் தண்ணீர் பச்சையாகிவிடும். வில்லை போட்டுவிட்டு மறந்துவிடலாம், அது உண்மை. ஆனால் அதில் சயனூரிக் அமிலம் சேர்ந்தே இருக்கிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் பொருள் அது, லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை நல்லது. வில்லையையே நம்பியிருந்தால் அது மாதா மாதம் ஏறி, கடைசியில் குளோரினின் வேகத்தையே மந்தமாக்கிவிடும். தண்ணீரில் பாதியை வெளியே விட்டுப் புதிதாக நிரப்புவதைத் தவிர அதற்கு வேறு எளிய வழி கிடையாது. இன்னொன்று: தூளையும் வில்லையையும் ஒரே வாளியில் அளக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வேலைக்கு நிற்கும் பெடியனிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

உப்பு இயந்திரத்துக்கும் ஒரு குறை உண்டு: தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, ஏறிக்கொண்டே இருக்கும். தகட்டில் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழிகள் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டை வெளியேற்றுவதுதான் முக்கிய காரணம். ஆகவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் வாங்கி வைத்து, 7.2க்கும் 7.8க்கும் இடையே நிறுத்த வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் நம் கிணற்றுத் தண்ணீரின் கல்சியம் தகடுகளில் சுண்ணாம்பாகப் படிந்து, உற்பத்தி குறையும். தகட்டுக் கலம் எப்படியும் சில வருடங்களில் தேய்ந்துவிடும். அதை மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். விற்பவர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

உப்பை வாங்குமுன் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். கரையோர மணலில் வெட்டிய கிணறுகள் பலவற்றில் ஏற்கெனவே உவர் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கணக்குப் பார்த்த மூடைகளை அப்படியே கொட்டினால் அளவு மீறும், இயந்திரம் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். கூடிய உப்பை எடுக்க முடியாது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். சமையல் உப்பும் சரிவராது. அதில் அயடீன் சேர்த்திருப்பார்கள், கட்டிபடாமலிருக்கும் பொருட்களும் இருக்கலாம். உப்பளத்துக் கல்லுப்பு மலிவுதான், ஆனால் மண்ணும் மக்னீசியமும் கூடவே வரும். கழுவிச் சுத்திகரித்த உப்பையே கேளுங்கள். 2025இல் மழை புத்தளத்து, அம்பாந்தோட்டை உப்பளங்களைக் கெடுத்து, நாடே இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது நினைவிருக்கும். உப்பு எப்போதும் மலிவாகவே கிடைக்கும் என்று எண்ணிவிடவும் முடியாது.

மாரியும் கணக்கில் வர வேண்டும். நவம்பரில் 300 மில்லிமீட்டர் மழை இங்கே புதிதல்ல. நம் 50 சதுர மீட்டர் தடாகத்தில் அது 15,000 லிட்டர், அவ்வளவும் உப்புத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வழியும். கிட்டத்தட்ட ஒரு மூடை உப்பு அந்த மாதத்தில் போய்விடும். கறண்ட் நின்றால் இயந்திரமும் நிற்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களில், அலுமாரியில் ஒரு வாளி தூள் வைத்திருந்தவர் தப்பியிருப்பார். உப்பு முறைக்குப் போகிறவரும் அந்த வாளியைக் கைவிடக்கூடாது என்றே சொல்வேன்.

என் கணிப்பில் முடிவைத் தீர்மானிப்பது கழிவுத் தண்ணீர்தான். ஒவ்வொரு தடவை ஃபில்டர் கழுவும்போதும் 600 லிட்டர் போகிறது என்றால், அதில் இரண்டு கிலோ உப்பு. தென்னை தாங்கும். வாழை, மிளகாய், எலுமிச்சை கருகும். மணல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்கே இறங்கும். அது பக்கத்து வளவுக் கிணறாகவும் இருக்கலாம். கிணற்றிலிருந்து தள்ளி, குடிநீர் எடுக்காத பக்கமாக வெளியேற்ற வழி இல்லாத வளவில் உப்பு இயந்திரம் பூட்ட நான் சொல்ல மாட்டேன்.

சரி, கடல் தண்ணீர்? வீட்டு உப்பு இயந்திரங்கள் லிட்டருக்கு 35 கிராமைத் தாங்குவதில்லை. அதற்கென்று செய்தவை வேறு, விலையும் வேறு. கடல் நீரில் புரோமைட்டும் இருப்பதால், குளோரின் விட்டதும் புரோமின் உண்டாகிவிடும். அதைச் சயனூரிக் அமிலம் வெயிலிலிருந்து காப்பாற்றாது. மோட்டர், ஏணி, விளக்கு எல்லாம் துரு பிடிக்கும் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். கொட்டும் இடமும் இன்னும் பெரிய தலையிடி.

வருடம் முழுக்க ஆள் தங்கும் வீட்டுக்கும், கறண்ட் நிற்காத பெரிய விடுதிக்கும் உப்பு சரிவரும். மே முதல் செப்டெம்பர் வரை ஓடி, மாரியில் மூடிவிடும் சிறு விடுதிக்கு நான் தூளைத்தான் சொல்வேன், தண்ணீர் ஏற்கெனவே கடினமென்றால் புதிதாக வாங்கிய திரவத்தை. மூடும் நாளில் உப்பு இயந்திரம் வைத்திருப்பவர் கலத்தைக் கழற்றி, ஐதான அமிலத்தில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்துவிட்டு, தடாகத்துக்கு ஒரு முறை குளோரின் கூட்டிவிட்டுப் போகட்டும். தை மாதம் வந்து பார்க்கும்போது பாசி சுரண்டும் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.