சாட்டா–யுஎஸ்பி அடாப்டர்: செத்த டிரைவை எழுப்புமா?

கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத எக்ஸ்டர்னல் டிரைவில் பல சமயம் கோளாறு டிஸ்கில் இருக்காது. பெட்டிக்குள், டிரைவின் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் சின்ன பிரிட்ஜ் போர்டில்தான். டிரைவைப் பெட்டியிலிருந்து எடுத்து, அந்த போர்டுக்குப் பதிலாக மாட்டத்தான் இந்த அடாப்டர். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அதிலேயே சரியானால் செலவே இல்லை.

வாங்குவதானால் 12 வோல்ட், 2 ஆம்பியர் பவர் சப்ளையோடு வருவதை வாங்குங்கள். யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே பவர் எடுக்கும் வெறும் கேபிள் 2.5 இன்ச் டிரைவுக்குத்தான் சரி, 3.5 இன்ச் டிரைவின் மோட்டார் 12 வோல்ட் இல்லாமல் சுற்றாது. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வேண்டாம், கம்ப்யூட்டரில் நேராகச் செருகுங்கள்.

டிரைவ் தெரிந்து, விண்டோஸ் 'இனிஷியலைஸ்' (புது டிரைவாகத் தயார்) செய்யவா என்று கேட்டால் கை வைக்காதீர்கள். டிரைவின் செக்டரை (டேட்டா எழுதும் துண்டை) பழைய பெட்டி 4096 பைட்டாகக் காட்டியிருந்து, அடாப்டர் 512 ஆகக் காட்டினால், பார்ட்டிஷன் (டிரைவின் பகுதிப் பிரிவு) விண்டோஸுக்குப் புரிபடாது. டேட்டா அப்படியேதான் இருக்கும்.

பெரிய குறை ஒன்று: வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவற்றில் யுஎஸ்பி முனை டிரைவின் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும். சாட்டா முனையே கிடையாது, அடாப்டர் வீண். போதுமான பவர் கொடுத்தும் 'டக், டக்' சத்தம் நிற்கவில்லையா? பெரும்பாலும் டிஸ்கைப் படிக்கும் ஹெட் போயிருக்கும், உடனே டிரைவின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள்.