மெக்வையர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட்: கறுப்பு வண்டியில் எது போகும், எது போகாது

பெயிண்டில் விழுந்த மெல்லிய கீறலைத் தேய்த்து எடுக்கிற திரவம் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் இந்தப் பாட்டிலோடு ஒரு டி.ஏ. (டூயல் ஆக்ஷன், அதாவது சுற்றிக்கொண்டே ஆடுகிற) பாலிஷிங் மெஷினும் அதில் மாட்டுகிற நாலைந்து பேடும் வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். கையால் தேய்த்தாலும் வேலை செய்யும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறார்கள், பொய்யில்லை. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் விரல் நகமும் மோதிரமும் பட்டுப் பட்டு விழுந்த கீறல்களுக்குக் கையே போதும். முழு பானெட்டையும் கையால் தேய்க்கிறேன் என்று இறங்கினால் வண்டி அப்படியேதான் இருக்கும், தோள்பட்டைதான் கழன்றுபோகும்.

நான் போட்டுப் பார்த்தது என் மச்சினன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கறுப்பு செடானில். சென்னை வண்டி. நிழலில் நின்றால் கறுப்பு, வெயிலில் நின்றால் சாம்பல். "மாமா, ரீபெயிண்ட் அடிச்சிடலாமா?" என்று கேட்டான். டென்ட் இல்லை, துரு இல்லை, பெயிண்ட் எங்கேயும் உரியவில்லை, கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது, மேலே முழுக்க மெல்லிய கீறல்தான். இதற்குப் போய் ரீபெயிண்ட் அடிப்பது அநியாயம். கம்பெனியில் ரோபோ அடித்து சூளையில் சுட்ட பெயிண்டின் தரத்தைப் பட்டறையில் கொண்டுவருவது லேசில்லை, அதோடு விற்கப் போகும்போது ரீபெயிண்ட் வண்டி என்று விலையையும் குறைப்பார்கள்.

இந்தக் கீறல் எங்கிருந்து வருகிறது என்று நம் ஊரில் யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை. அபார்ட்மெண்டில் காலையில் ஒருவர் ஒரே பக்கெட், ஒரே துணி வைத்துக்கொண்டு வரிசையாகப் பத்து வண்டி துடைக்கிறாரே, அதுதான். முதல் வண்டி மண் மூன்றாவது வண்டியில், மூன்றாவது வண்டி மண் உங்கள் வண்டியில். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, கொடுக்கிற மாதச் சம்பளத்துக்கு அவ்வளவுதான் முடியும். அதற்கு மேல் போர் தண்ணீர். துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் உப்பு அப்படியே வட்ட வட்டமாக உட்கார்ந்துவிடும், கொஞ்ச நாள் போனால் கிளியர் கோட்டையே, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சையே, அரித்துக் குழி போட்டுவிடும். காக்கா எச்சம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரிகிறதே, உண்மையில் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்றுதான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக இருக்கிற கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அடிப்பதால், சூரியனைச் சுற்றி வளையம் போட்டது போலத் தோன்றுகிறது. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும், பார்த்துக்கொள்ளுங்கள். டியூப் லைட்டில் ஒன்றுமே தெரியாத வண்டி பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரிவதும் இதனால்தான். ஆகவே காம்பவுண்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல எல்.இ.டி. டார்ச் வாங்குங்கள், அது இல்லாமல் எவ்வளவு போயிருக்கிறது என்றே தெரியாது.

சரி, பாட்டிலுக்கு வருவோம். 450 மி.லி., சாதாரண ரப்பிங் காம்பவுண்ட் டப்பாவோடு ஒப்பிட்டால் பல மடங்கு விலை. எதற்கு இந்த விலை என்றால் உள்ளே இருக்கிற உராய்வுத் துகளுக்குத்தான். பட்டறையில் ரொம்ப நாளாகப் புழங்கும் கரடுமுரடான காம்பவுண்ட் கீறலை எடுக்கும், எடுத்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு மங்கலை விட்டுப்போகும், அதைப் போக்க இன்னொரு பாலிஷ் போட வேண்டும். இதில் துகள் ரொம்பச் சின்னது, ஒரே சீராக இருக்கிறது, அதனால் வெட்டவும் வெட்டுகிறது, முடிக்கும்போது கிட்டத்தட்ட பளபளப்பாகவே முடிகிறது. என்னைப் போல வார இறுதியில் வேலை செய்கிறவனுக்கு இது பெரிய விஷயம். இரண்டாவது ஸ்டெப் போட நேரமில்லாமல் விட்டுவிட்டாலும் வண்டியை வெளியே எடுத்துப் போகலாம்.

ஆனால் அழுக்கு வண்டியில் நேராக இதைப் போட்டுத் தேய்த்தால், கீறலை எடுக்கிறேன் என்று புதுக் கீறல்தான் போடுவீர்கள். முதலில் நன்றாக ஷாம்பு வாஷ். அப்புறம் அயர்ன் ரிமூவர் அடித்தால் பிரேக் தூசியிலிருந்து பெயிண்டில் ஒட்டிய இரும்புத் துகள்கள் ஊதா நிறத்தில் வழியும். ரயில்வே லைன் பக்கம் நிறுத்துகிற வண்டி என்றால் இந்த வேடிக்கை இன்னும் நன்றாக இருக்கும். அதற்கு மேல் கிளே பார், பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரியான கட்டி. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டி மேல் தடவிப் பாருங்கள், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். அது போகிற வரைக்கும் கிளே. கடைசியாகக் கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பம்பர் விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்க்கிங் டேப். டேப்புக்குச் சோம்பல்பட்டால் பிளாஸ்டிக்கில் காய்ந்த வெள்ளைக் கறையை டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். விளிம்புகளுக்கு டேப் ஒட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அங்கே பெயிண்ட் மெல்லிசு, மெஷினும் அங்கேதான் அதிகமாக அழுத்தும்.

மெஷின் விஷயத்தில் கண்டிப்பாக டி.ஏ.தான். பட்டறையில் கம்பளி பேட் மாட்டிச் சுற்றுகிற ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், வேகமாகச் சூடும் ஏறும், பழக்கமில்லாத கையில் ஹாலோகிராம் என்று சொல்கிற அலையலையான தடத்தை விட்டுவிடும், விளிம்பில் நின்றுவிட்டால் அடிப்பூச்சான பிரைமர் வரைக்கும் போய்விடும். டி.ஏ. சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அளவுக்கு மீறி அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். பேட் ஒட்டுகிற பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது, நின்றுவிட்டால் கையைத் தளர்த்துங்கள். ரூபெஸ் மாதிரி இத்தாலி மெஷின் இருந்தால் சுகம்தான், ஆனால் ஒரு வண்டிக்காக அவ்வளவு செலவு பண்ண வேண்டியதில்லை.

முழு வண்டியிலும் ஆரம்பிக்காமல் முதலில் ஒரே ஒரு இடத்தில், இரண்டுக்கு இரண்டு அடிச் சதுரத்தில் போட்டுப் பாருங்கள். பானெட்டில் நான் முதலில் மென்மையான ஃபினிஷிங் பேட் போட்டேன், கீறல் அசையவில்லை. அதைவிடக் கெட்டியான கட்டிங் ஃபோம் பேடுக்கு மாறியதும் அதே காம்பவுண்ட், அதே வேகம், கறுப்பு சட்டென்று கறுப்பானது. பாட்டிலைவிட பேட்தான் வேலையைத் தீர்மானிக்கிறது என்பதை நம்புவதற்கு எனக்கு இது போதுமாக இருந்தது. பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு, குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, வேகத்தை ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி மெதுவாக நகர்த்த வேண்டும். மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் பண்ண வேண்டும், இல்லையென்றால் அரைத்தெடுத்த கிளியர் கோட் பவுடரும் பழைய காம்பவுண்டும் பேடில் கெட்டியாகி வெட்டு குறைந்துவிடும். நாலைந்து பேடு என்று சொன்னது அதனால்தான், வேலை ஏற ஏற பேடு சூடாகித் தளர்ந்துவிடும், மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

வெயிலில் செய்யவே செய்யாதீர்கள். தகடு தொட்டால் சுடுகிறது என்றால் காம்பவுண்ட் போட்டதும் காய்ந்து, துடைக்க வராமல் திட்டுத் திட்டாக நிற்கும். பேஸ்மெண்ட் பார்க்கிங், காலை நேரம், ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது. துடைப்பதில் இந்தக் காம்பவுண்ட் சிரமம் கொடுக்கவில்லை, தூசியும் மிதமாகத்தான் பறக்கிறது.

துடைத்ததும் தெரிகிற பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், எந்த காம்பவுண்டிலும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கும், அது கீறலுக்குள் நிரம்பி மறைக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு துடை துடைத்துவிட்டு டார்ச் அடித்தால்தான் உண்மை தெரியும். இந்தச் சோதனைக்குப் பிறகும் பானெட்டிலும் டிக்கியிலும் வலை முக்கால்வாசிக்கு மேல் போயிருந்தது, கதவுகளில் இன்னும் நன்றாகவே. மச்சினன் வந்து பார்த்துவிட்டு ரீபெயிண்ட் பேச்சை எடுக்கவில்லை.

போகாதவை: நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிற ஆழக் கீறல் போகாது, அதன் ஓரம் மழுங்கிக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். காக்கா எச்சம் அரித்த இடம் வடுவாகவே நிற்கிறது. கூரையில் பழைய தண்ணீர்க் கறைகளில் மேலாக இருந்தது போயிற்று, குழி விழுந்தது அப்படியே இருக்கிறது. இன்னும் நாலு தடவை ஓட்டினால் போய்விடாதா என்று மச்சினன் கேட்டான். போகும், கூடவே கிளியர் கோட்டும் போகும். கம்பெனி வண்டியில் கிளியர் கோட் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியின் தடிமன்கூட இல்லை, வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கிறதும் அதுதான். ஒவ்வொரு காம்பவுண்டிங்கும் அதில் கொஞ்சத்தைச் சீவி எடுக்கிறது, திரும்ப வளராது. அதிலும் செகண்ட் ஹேண்ட் வண்டியில் முன்னால் எத்தனை பேர் எத்தனை முறை பஃபிங் போட்டார்கள் என்று தெரியாது. பெயிண்ட் அளக்கிற கேஜ் கிடைத்தால் ஒரு சுற்று வைத்துப் பாருங்கள். நாலு தகடு நூற்றிச் சொச்சம் மைக்ரான் காட்டி ஒரு கதவு மட்டும் அதைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டினால் அங்கே ரீபெயிண்ட் நடந்திருக்கிறது, அந்தக் கதவில் பதமாகப் போங்கள். மிச்சமிருக்கிற கீறலோடு வாழப் பழகிக்கொள்வதுதான் என் கட்சி.

கடையில் கொடுத்தால் ஆகாதா? ஆகும், நல்ல கடை என்றால் என்னைவிட நன்றாகவே செய்வார்கள். ஆனால் வாட்டர் வாஷோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் "ரப்பிங் பாலிஷ்" என்று கொடுக்கிறார்களே, அது முக்கால்வாசி இடங்களில் கீறலை நிரப்பி மறைப்பதுதான், நாலு வாஷில் எல்லாம் திரும்ப வரும். முழு வண்டியில் ஒழுங்கான கரெக்ஷன் என்பது ஒரு நாளுக்குக் குறையாத வேலை. கேஜ் வைத்து அளப்பீர்களா, ஒரு தகட்டில் போட்டுக் காட்டுவீர்களா, ஆல்கஹால் துடைத்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். செராமிக் கோட்டிங் போட்டால் கீறல் போய்விடும் என்று சொல்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கோட்டிங் கீறலை எடுக்காது, இருக்கிற கீறலின் மேல் மூடி போடும். 9ஹெச் என்று பெருமையாகச் சொல்வது பென்சிலை வைத்துச் சோதிக்கிற கடினத்தன்மை, வைரம் மாதிரிக் கடினம் என்கிற கதையெல்லாம் இல்லை.

மேலே என்ன போடுவது என்பது உங்கள் இஷ்டம். நான் பெயிண்டைப் பாதுகாக்கிற சாதாரண சீலன்ட்தான் போட்டேன், தண்ணீர் முத்து முத்தாக ஓடுகிறது. காலையில் துடைக்கிறவரிடம் இனிமேல் சக்கரமும் கண்ணாடியும் மட்டும் போதும், சம்பளம் அதேதான் என்று சொல்லியாயிற்று. இதைச் செய்யாமல் காம்பவுண்ட் வாங்கினால் ஆறு மாதத்தில் திரும்ப அடுத்த பாட்டில் வாங்க வேண்டியிருக்கும்.

வெள்ளை, சில்வர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, அவற்றில் கீறல் கண்ணுக்கே படாது, கிளே பாரும் ஒரு வேக்ஸும் போட்டால் போதும். பழைய அம்பாசிடர் மாதிரி கிளியர் கோட் இல்லாத வண்டி என்றால் பேடில் வண்டியின் நிறமே ஒட்டி வரும், பயப்பட வேண்டாம், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்பு, அடர் நீலம், அடர் சிவப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாட்டில் ஒரு செடானுக்குத் தாராளமாகப் போதும், எனக்கு மிச்சமே இருக்கிறது. பயன்படுத்துவதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள், துகள் அடியில் தங்கிவிடுகிறது.